மண்டபம் கரையிலிருந்து ஒரு தானியங்கி மொழிபெயர்ப்புச் சேவை: பத்து மாதப் பயன்பாட்டு மதிப்புரை

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் நானும் என் கணவரும் நடத்தும் நான்கு அறைத் தங்கும் விடுதியில், ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறமும் ஒரு கியூஆர் குறியீடு ஒட்டப்பட்டுள்ளது. அதைக் கைப்பேசியில் காட்டினால், இந்தக் கரையைப் பற்றி ஆறு ஆண்டுகளாக நான் எழுதிச் சேர்த்த முப்பத்தெட்டுக் கட்டுரைகள் அடங்கிய மின்கையேடு திறக்கும். காற்றின் பெயர்கள், படகுகளின் வகைகள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், சங்கு குளித்தல், பாம்பன் பாலங்கள், தனுஷ்கோடி, மன்னார் வளைகுடாத் தீவுகள், பேருந்து நேரங்கள் என அதில் பலவும் உண்டு. எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதினேன். தமிழில்தான் எனக்கு எழுத வரும். ஆனால் எங்களிடம் தங்க வருகிறவர்களில் கணிசமானோர் தமிழ் அறியாதவர்கள். காற்றை நம்பிக் கைட் சர்ஃபிங் விளையாட வரும் ஐரோப்பியர்கள், பறவை பார்க்க வருகிறவர்கள், முன்னோர் கப்பலேறிப் போன ரீயூனியன் தீவிலிருந்து குடும்ப வேரைத் தேடி வந்து பிரெஞ்சு மட்டுமே படிக்கத் தெரிந்த தமிழ் வம்சாவளியினர் ஆகியோர் என் கட்டுரைகளின் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதைக் கண்டு மனம் பொறுக்காமல்தான், கட்டணம் கட்டிப் பெறும் ஒரு தானியங்கி மொழிபெயர்ப்புச் சேவையைக் கையேட்டில் இணைத்தேன். பத்து மாதங்கள் அதை நாள்தோறும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேவையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் காணும் குறைகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழை மூலமாகக் கொண்டு இத்தகைய எந்தச் சேவையை இணைப்பவரும் அவற்றைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

இணைப்பது மிக எளிது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சேவை தரும் ஒரு வரி நிரலைக் கையேட்டின் தலைப்பகுதியில் ஒட்டினால் போதும். பக்கத்தின் மேல் மூலையில் ஒரு மொழித் தெரிவுப் பட்டியல் தோன்றும். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கும். கணினியில் பெரிய தேர்ச்சி இல்லாத நான் அரை மணி நேரத்தில் இதைச் செய்து முடித்தேன். ராமநாதபுரத்திலிருந்து வரும் பேருந்துகள், ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு உள்ள தூரம், காரங்காட்டுச் சதுப்புநிலக் காட்டுக்குப் போகும் வழி போன்ற செய்திப் பக்கங்கள் அன்றே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் படிக்கத் தக்க நிலையில் வந்துவிட்டன. அன்று மாலை தங்கியிருந்த ஓர் இளம் தம்பதியர், வழி கேட்க என்னைத் தேடி வராமல், கையேட்டைப் படித்துவிட்டுத் தாங்களாகவே தேவிபட்டினம் போய்த் திரும்பினார்கள். இந்த ஒரு பயனுக்காக மட்டுமே சேவையைப் பெற விரும்புகிறவர்கள் தயங்காமல் பெறலாம்.

விலையைப் பற்றி ஒரு விவரத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய சேவைகள் பெரும்பாலும் எழுத்து எண்ணிக்கையை வைத்தே கட்டணம் கணக்கிடுகின்றன. ஆனால் அவை எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அன்று, யூனிகோடு குறிகளை. ‘தனுஷ்கோடி’ என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறி. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. என் முப்பத்தெட்டுக் கட்டுரைகளும் இந்தக் கணக்கில் சுமார் மூன்றரை லட்சம் குறிகள் ஆயின. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக: கூகுள் கிளவுட் மொழிபெயர்ப்பை நேரடியாகப் பெறுவோருக்கு மாதந்தோறும் முதல் 5 லட்சம் குறிகள் இலவசம்; அதற்கு மேல் 10 லட்சம் குறிகளுக்கு 20 டாலர் என்று அறிவிக்கப்பட்ட விலையை நான் பார்த்தேன். ஆகவே, மூன்று மொழிகளில் என் கையேட்டை ஒருமுறை மொழிபெயர்க்க ஆகும் செலவு சிறியது. நூறு மொழிகளையும் திறந்துவிட்டால் அதே கையேடு மூன்றரைக் கோடிக் குறிகளாகப் பெருகும். நான் பெற்ற சேவை ஆண்டுச் சந்தா முறையில் ஒரு வரம்பு வைத்திருந்தது. எல்லா மொழிகளையும் திறந்து வைத்திருந்ததால் முதல் மாதத்திலேயே அந்த வரம்பைத் தொட்டுவிட்டேன்.

இனி மொழிபெயர்ப்பின் தரத்துக்கு வருகிறேன். எண்ணும் நாளும் நிறைந்த கட்டுரைகளில் இயந்திரம் நன்றாகவே செய்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டதும், 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்ததும், புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதும் எந்த மொழியிலும் பிசகவில்லை. ஆனால் அதே கட்டுரையில் ‘தூக்குப்பாலம்’ என்று நான் எழுதியதை, கயிற்றில் தொங்கும் பாலம் என்னும் பொருளில் மாற்றியிருந்தது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவுகளாகப் பிளந்து மேலே எழுவதாக இருந்தது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப்படும். இரண்டும் தொங்குபாலங்கள் அல்ல. இதைப் படித்த ஒரு பொறியாளர், பாலத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, உங்கள் கட்டுரை தவறு என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். கட்டுரை தவறில்லை, ஆனால் அதை அவருக்குக் காட்ட என்னிடம் வழி இல்லை.

ஊர்ப்பெயர்கள் அடுத்த தொல்லை. நம் கரையின் பெயர்களில் பல, பொதுச்சொற்களாகவும் இருக்கின்றன. ‘மண்டபத்தில் இறங்கி’ என்று எழுதினால் ஏதோ ஒரு கூடத்தில் இறங்கச் சொல்கிறது. கீழக்கரை ஒரு பத்தியில் கீழக்கரையாகவும் அடுத்த பத்தியில் ‘கிழக்குக் கரை’யாகவும் வருகிறது. தங்கச்சிமடம், தங்கையின் மடாலயம் ஆகிவிடுகிறது. முயல் தீவுக்கு ஆங்கில வரைபடங்களில் ‘ஹேர் ஐலண்ட்’ என்று பெயர். இயந்திரம் ‘ரேபிட் ஐலண்ட்’ என்று தந்ததால், வரைபடத்தில் அதைத் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. இவை எரிச்சல் தரக்கூடியவை என்றாலும் திருத்தக்கூடியவை, திருத்தவும் செய்தேன்.

காற்றைப் பற்றிய கட்டுரைக்கு நேர்ந்ததை அவ்வளவு எளிதாக என்னால் கடந்துபோக முடியவில்லை. எங்கள் விருந்தினர்களில் காற்றுக்காகவே வருகிறவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் எப்போது தொடங்கும், வடக்கிலிருந்து வரும் வாடை எப்போது ஓயும், கொண்டல் வீசும் நாள்களில் கடல் எப்படி இருக்கும் என்று மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு ஓராண்டு எடுத்து எழுதிய கட்டுரை அது. ‘கச்சான்’ என்றால் இலங்கைத் தமிழில் வேர்க்கடலை. இணையத்தில் கச்சான் என்ற சொல் அந்தப் பொருளில்தான் அதிகம் கிடைக்கிறது போலும். எங்கள் கச்சான் காற்று ஆங்கிலத்தில் வேர்க்கடலைக் காற்று ஆயிற்று. ‘வாடை’ என்பதற்கு அன்றாடத் தமிழில் நாற்றம் என்றும் பொருள் இருப்பதால், வாடைக்காற்று துர்நாற்றம் வீசும் காற்று ஆயிற்று. டிசம்பரில் வர விரும்பிய ஒருவர், அந்த மாதத்தில் கருவாட்டு நாற்றம் எவ்வளவு தொலைவுக்கு இருக்கும் என்று எழுதிக் கேட்டபோதுதான் எனக்கு இது தெரிந்தது. ‘கொண்டல்’ மேகமாக மாறியிருந்தது. ஆங்கிலத்தைப் படித்தால் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வாக்கியங்கள் தெளிவாக ஓடுகின்றன. மூன்று காற்றுகளும் மட்டும் காணாமல் போயிருந்தன.

கடல்தொழில் சொற்களிலும் இதுவே நடந்தது. சங்கு குளிப்பவர்கள் சங்குகளைக் குளிப்பாட்டுகிறவர்கள் ஆனார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத அறுபத்தொரு நாள் தடைக்காலத்தைப் படித்த ஒருவர், அந்த மாதங்களில் கடற்கரைக்கே போக அனுமதி இல்லை என்று எண்ணிப் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். நாட்டுப்படகுகள் அந்த நாள்களிலும் போகும் என்று அதே பத்தியில் நான் எழுதியிருந்தேன். ‘நாட்டுப்படகு’ என்பது நாட்டுக்குச் சொந்தமான படகு, அதாவது அரசுப் படகு என்று வந்திருந்தது.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தியது ஒரு சிறிய வாக்கியம். கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன்: ‘மூணு நாளாப் பாடு இல்லை.’ இந்தக் கரையில் பாடு என்றால் அன்றன்று கடல் தரும் மீன். நல்ல பாடு என்றால் நிறைய மீன் கிடைத்திருக்கிறது. பாடு இல்லை என்றால் போன டீசல் காசும் திரும்பவில்லை, அன்றைக்கு வீட்டில் உலை வைக்க யோசிக்க வேண்டும். இயந்திரம் பாடு என்பதைத் துன்பம் என்று எடுத்துக்கொண்டது. ‘மூன்று நாள்களாகத் துன்பம் இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்தது. அங்கிருந்து பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் அப்படியே போனது. பாடு என்பதற்குத் துன்பம் என்ற பொருள் தமிழில் உண்டுதான். ஆகவே அகராதியைக் கொண்டு பார்த்தால் இதைப் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று நாள் வெறுங்கையோடு கரையேறிய ஒரு மனிதரின் வாயில், மூன்று நாளாக நிம்மதியாக இருக்கிறேன் என்ற சொற்களை வைத்து, அதை என் பெயரின் கீழ் வேற்று நாட்டவர் படிக்க நான் விட்டிருந்தேன். இரண்டு மாதம் அது அப்படியே இருந்தது. ஒருவரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அந்த ஆங்கில வாக்கியத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

உயிரோடு தொடர்புடைய பிழை ஒன்றும் உண்டு. தனுஷ்கோடி நிலத்தின் கோடியான அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அமைதியான கடல், மறுபக்கம் சீறும் கடல். நம்மவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைப்பார்கள். ‘ஆண்கடல் பக்கம் இறங்கக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கை எழுதியிருந்தேன். அது ‘ஆண்களுக்கான கடலில் இறங்கக் கூடாது’ என்று மாறியது. கோயில் ஊர்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நீராடுதுறைகள் இருப்பதைப் பார்த்து வந்த ஒரு விருந்தினர், இதுவும் பெண்கள் அங்கே குளிப்பதைத் தடுக்கும் வழக்கம் என்று புரிந்துகொண்டார்; தம் கணவர் மட்டும் இறங்கலாமா என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது நம் நல்லூழ். கேட்காமல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை. பாதுகாப்பு எச்சரிக்கை எதையும் மனிதர் பார்க்காத மொழிபெயர்ப்பில் விட்டுவைக்கக் கூடாது என்பதை இதைப் படிக்கும் விடுதிக்காரர்களுக்கும் படகோட்டிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரைகள் ஐந்து. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறை வெட்டாமலிருக்கக் காலுக்குக் கட்டையோ தகடோ கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் கட்டக்கோரையையும் எடுத்து வருகிறவர்கள் அவர்கள். அவர்களோடு வல்லம் என்னும் படகில் போய், கரையில் உட்கார்ந்து, அவர்கள் பேசியதை எழுதினேன். தமிழில் மரியாதைப் பன்மைக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை: ‘அவர் மூழ்கினார்’ என்று பெண்ணையும் சொல்வோம். இயந்திரம் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாகப் பார்த்து, ஒவ்வோர் ‘அவ’ரையும் ஆணாக்கியது. முதல் வாக்கியத்தில் பெண் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒருவர், இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஆணாக மூழ்கி, ஆணாக எழுந்து, ஆணாகப் பாசியை எடை போட்டார். கட்டுரையின் முழு நோக்கமும் இந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள் என்பதுதான். நான் மரியாதை குறைத்து ‘அவள்’ என்று எழுதியிருந்தால் இயந்திரம் சரியாக எழுதியிருக்கும்; என்னைவிட மூத்த, கடலில் நாற்பது ஆண்டு மூழ்கிய ஒருவரை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை, இனியும் வராது.

அவர்களின் பேச்சுத் தமிழோ இயந்திரத்துக்கு முற்றிலும் எட்டவில்லை. ‘எங்க ஆத்தா காலத்துல யாவாரிமாரு கரைக்கே வந்தாக, எடை போட்டு வாங்கிட்டுப் போனாக தாயி’ என்றார் ஒருவர். ராமநாதபுரத்துப் பேச்சில் ‘வந்தாக’ என்றால் வந்தார்கள். இயந்திரம் அதை ‘வந்தாக வேண்டும்’ என்பதன் பாதியாகக் கொண்டு, வியாபாரிகள் கரைக்கு வந்தே தீர வேண்டும் என்று அந்தப் பெண் கட்டளையிடுவதைப் போல எழுதியது. ‘தாயி’ என்று அவர் என்னைப் பரிவோடு அழைத்தது, தம் தாயை அழைத்ததாக வந்தது. பழைய நாளை நினைத்துப் பேசிய பேச்சு, யாரிடமோ வழக்காடும் பேச்சாகிவிட்டது.

ஏன் இப்படி நேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதை எதிர்பார்க்கலாம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவாகும். இயந்திர மொழிபெயர்ப்பு, ஏற்கெனவே மனிதர்கள் இரு மொழிகளிலும் எழுதி வைத்த வாக்கியங்களைக் கொண்டு பயில்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பு 2006-இல் தொடங்கியது. தமிழ் அதில் 2011-இல்தான் சேர்ந்தது. நரம்பியல் வலைப்பின்னல் முறை 2016 இறுதியில் வந்து, 2017-இல் தமிழுக்கும் கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் வாக்கியங்கள் உடைந்து உடைந்து வரும். படிக்கிறவர் இது இயந்திரம் செய்தது என்று உடனே உணர்ந்து எச்சரிக்கையாக இருப்பார். இப்போது வாக்கியங்கள் வழவழப்பாக வருகின்றன. பிழையும் அதே வழவழப்போடு வருகிறது. தமிழுக்குக் கிடைத்திருக்கும் பயிற்சி வாக்கியங்களிலும் செய்தித்தாள் தமிழும் அரசு அறிவிப்புத் தமிழும்தான் மிகுதி; இந்தக் கரையின் மீனவ ஊர்களான மூக்கையூரிலும் வாலிநோக்கத்திலும் பேசும் தமிழை யாரும் இரு மொழிகளில் எழுதி வைக்கவில்லை. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்னும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மொழிபெயர்ப்பு மாதிரியையும் சோதித்துப் பார்த்தேன். இந்திய அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டுக்காகவும் செய்யப்பட்டது அது. எழுத்துத் தமிழில் அதன் நடை நன்றாக இருந்தது. வாடைக்காற்றிலும் ‘பாடு’ என்ற சொல்லிலும் அதுவும் இடறியது.

நான் பெற்ற சேவையில் வேற்று மொழிகளுக்குப் போகும்போது ஆங்கிலம் வழியாகவே போகிறது. ஆங்கிலத்தில் விழுந்த பிழையைப் பிரெஞ்சு அப்படியே சுமக்கிறது என்பது மட்டும் குறையன்று. தனுஷ்கோடிக்கு எதிரே முப்பது கிலோமீட்டர் அளவில் இலங்கையின் தலைமன்னார். அந்நாட்டில் பெரும்பாலோர் படிக்கும் சிங்களத்துக்கு என் கட்டுரைகள் போக வேண்டும் என்பது என் ஆசை. தமிழைப் போலவே சிங்களத்திலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். உறவுமுறைச் சொற்களும் மரியாதை வழக்குகளும் நமக்கு நெருக்கமானவை. இவ்வளவு அருகில் இருக்கும் மொழிக்குப் போக ஆங்கிலத்தைச் சுற்றிப் போவதில், இரண்டுக்கும் பொதுவாக உள்ளவை எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு டெல்லி வழியாகப் போவது போன்றது அது.

பிழைகளைத் தடுக்கச் சேவை தரும் கருவிகள் மூன்று. முதலாவது சொற்பட்டியல்: இந்தச் சொல்லை இப்படித்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ மூலமாகக் கொண்டவர்களுக்கு இது எவ்வளவு உதவுமோ, தமிழுக்கு அவ்வளவு உதவவில்லை. பட்டியலில் ‘மண்டபம்’ என்று கொடுத்தால் அந்த வடிவத்தை மட்டுமே அது அடையாளம் காண்கிறது. மண்டபத்தில், மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து, மண்டபமும் என்று வந்தால் காண்பதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஏழெட்டு வடிவங்களை நானே எழுதிச் சேர்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. ஆனாலும் அந்த உழைப்பு வீண் போகவில்லை: இப்போது ஊர்ப்பெயர்கள் ஏறக்குறைய எங்கும் சரியாக வருகின்றன, கச்சானும் வாடையும் கொண்டலும் தம் பெயரோடு, அடைப்பில் திசை விளக்கத்தோடு வருகின்றன. இரண்டாவது, ஒரு சொல்லையோ பத்தியையோ மொழிபெயர்க்க வேண்டாம் என்று குறியிடும் வசதி. தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: குறியிட்ட சொல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடும், பிரெஞ்சுக்காரர் அதைப் படிக்க முடியாது. ஆகவே பெயர்களுக்குச் சொற்பட்டியலும், முழுப் பத்திகளுக்கு இந்தக் குறியும் என்று பிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது கருவி, வந்த மொழிபெயர்ப்பை நாமே திருத்திச் சேமிக்கும் பலகை. இதற்காகத்தான் நான் சந்தாவைத் தொடர்கிறேன். என் கடுமையான குறையும் இதில்தான். திருத்திய பத்தியின் தமிழ் மூலத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், சேவை அந்தப் பத்தியைப் புதிதெனக் கருதி மீண்டும் மொழிபெயர்த்து, கையால் செய்த திருத்தத்தை அழித்துவிடுகிறது. அழிந்ததாக ஓர் அறிவிப்புகூட வருவதில்லை. அரிச்சல்முனை எச்சரிக்கையைத் திருத்திய பத்து நாளில், மேலே ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்தேன்; ஆண்களுக்கான கடல் திரும்பி வந்துவிட்டது. வாடிக்கையாளர் உதவிக்கு மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் பணிவான பதில் வந்தது, மாற்றம் வரவில்லை. அதன்பின் எச்சரிக்கைகள் அனைத்தையும் தனியே எடுத்து, மனிதர் மொழிபெயர்த்த வாசகங்களைப் படமாகவே வைத்துவிட்டேன். இயந்திரம் அதைத் தொட முடியாது. இத்தகைய சேவையைப் பெற எண்ணுகிறவர்கள், மூலம் மாறும்போது தங்கள் திருத்தம் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, சோதித்தும் பார்க்க வேண்டும்.

ஆறாவது மாதத்தில் சேவை ஒரு புதிய வசதியைச் சேர்த்தது: சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரியைக் கொண்டு கட்டுரையை முழுதாகப் படித்து மொழிபெயர்ப்பது, அதற்குச் சூழல் குறிப்பும் எழுதித் தரலாம். ‘இக்கட்டுரையில் பேசுகிறவர்கள் அனைவரும் பெண்கள், பாடு என்றால் அன்றைய மீன்வரத்து, வந்தாக என்றால் வந்தார்கள்’ என்று நான் குறிப்பு எழுதிய பிறகு, பாசிக் கட்டுரைகளில் பெண்கள் பெண்களாகவே வந்தார்கள். உண்மையான முன்னேற்றம் இது, மனமாரச் சொல்கிறேன். ஆனால் குறிப்பு எழுத, எந்த இடத்தில் பிழை வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள, வந்த மொழிபெயர்ப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். பிரெஞ்சைப் பார்த்துத் தர புதுச்சேரியில் ஆசிரியையாக இருக்கும் என் சிறிய தாயார் மகள் இருக்கிறாள். ஜெர்மனை ஆண்டுதோறும் வரும் ஒரு விருந்தினர் படித்துத் திருத்தித் தருகிறார். மற்ற மொழிகளில் என் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்பதை அறிய எனக்கு வழியே இல்லை. ஆகவே நூறு மொழிப் பட்டியலை மூன்றாகக் குறைத்தேன். கட்டணமும் குறைந்தது, ஆனால் குறைத்ததற்குக் காரணம் கட்டணம் அன்று.

பாசிக் கட்டுரைகள் ஐந்தில், அந்தப் பெண்களின் பேச்சு அப்படியே இடம்பெறும் மூன்றைத் தானியங்கி மொழிபெயர்ப்பிலிருந்து முழுதாக விலக்கிவிட்டேன். ராமநாதபுரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும், பாம்பனில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி அவற்றைக் கையால் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். அதற்கு உரிய ஊதியம் கொடுத்தோம். ‘யாவாரிமாரு கரைக்கே வந்தாக’ என்பதை எழுதும் முன் அந்த அம்மாவிடமே போய், எந்த யாவாரி, எந்த ஊரிலிருந்து வந்தாக என்று கேட்டு வந்தார். எந்தச் சந்தாவிலும் அது கிடைக்காது.

என் மதிப்பீடு இதுதான். நேரம், தூரம், விலை, வழி, வரலாற்றுத் தேதி என்று செய்தி சொல்லும் பக்கங்களுக்கு இச்சேவை மிக நன்று; ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பக்கத்தின் தலையிலும், இது இயந்திரம் செய்தது, ஐயமிருந்தால் வரவேற்பறையில் கேளுங்கள் என்ற அறிவிப்பை அது தானாகவே காட்டுவதும் பாராட்டத் தக்கது. தொழில்சொல் நிறைந்த பக்கங்களுக்கு, சொற்பட்டியலுக்கும் சூழல் குறிப்புக்கும் ஒரு மாதம் உழைக்கத் தயாராக இருந்தால் மட்டுமே பெறலாம். மனிதர் பேச்சு நிறைந்த பக்கங்களுக்கும் உயிர்காக்கும் எச்சரிக்கைகளுக்கும் இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தமிழின் வேற்றுமை வடிவங்களைச் சொற்பட்டியல் தானாக அறியும்படியும், கைத்திருத்தம் அழியும் முன் அறிவிப்பு வரும்படியும் செய்தால், இன்று நான் தரும் ஐந்துக்கு மூன்று என்ற மதிப்பெண்ணை நான்காக உயர்த்துவேன்.

சந்தாவை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்திருக்கிறேன். சிங்களத்துக்கு மட்டும், படித்துத் திருத்தித் தரக்கூடிய ஒருவர் கிடைக்கும்வரை காத்திருக்கிறேன். முதலில் காற்றுக் கட்டுரையைக் கொடுப்பதாக எண்ணம். அங்கேயும் மீனவர்கள் அதே கச்சானைத்தான் பார்த்துக் கடலுக்குப் போகிறார்கள்.